டஸ்ட் கலெக்டருக்கு ரிமோட்டா, சென்ஸரா, வெறும் பட்டனா?

புளியரையில் சீசன் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் குற்றாலத்துச் சாரல். எங்களுக்குக் காற்று. ஆரியங்காவு கணவாய் வழியாக அது இறங்கி வரும்போது தென்னை மட்டை கம்பியில் விழும், கரண்ட் போகும், பத்து நிமிடத்தில் வரும், மறுபடி போகும். ஆனி, ஆடி இரண்டு மாதமும் என் மரப் பட்டறையில் இதே கூத்துதான்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று. வேலை நின்றதும் அக்கா மகன், "மாமா, பைப்பில் ஏதோ அடைச்சிருக்கு, இப்பவே எடுத்துடுறேன்" என்று மரத்தூளை விசிறியால் உறிஞ்சிப் பையில் சேர்க்கும் டஸ்ட் கலெக்டரின் குழாயைக் கழற்றிக் கையை உள்ளே விட்டான். சாக்குக் கயிறு ஒன்று விசிறி இறக்கையில் சுற்றியிருந்தது. அதைப் பாதி உருவிக்கொண்டு கையை வெளியே எடுத்தான். அந்த நொடியில் கரண்ட் வந்தது. யாரும் எதையும் தொடவில்லை. விசிறி தானாகச் சுற்ற ஆரம்பித்து மீதிக் கயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. கயிறு போனது, கை இருக்கிறது.

காரணம் நான்தான். முந்தைய மாதம்தான் சில நூறு ரூபாய்க்கு ஒரு ரிமோட் ஸ்விட்ச் போர்டு வாங்கி, அதிலேயே மோட்டாரை நேராகக் கொடுத்திருந்தேன். கரண்ட் போகுமுன் ஆன் நிலையில் இருந்ததை அது ஞாபகம் வைத்திருந்தது. அதன் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன், செங்கோட்டையிலும் புனலூரிலும் நாலைந்து பட்டறைகளைப் போய்ப் பார்த்தேன், என் பட்டறையில் மூன்று விதமாக மாற்றி மாற்றி வயரிங் செய்தேன். தென்மலைப் பக்கம் புதிதாகப் பட்டறை போடும் ஒரு நண்பர், "அண்ணாச்சி, எதைப் போடலாம்?" என்று கேட்டதற்கு எழுதியதுதான் இது.

முதலில் அவர் திருப்பிக் கேட்டது: "இவ்வளவு எதுக்கு, சுவரில் ஒரு ஸ்விட்ச் போதாதா?" போதும், நீங்கள் நடப்பீர்கள் என்றால். கலெக்டர் சத்தம் போடும் என்று எல்லோரும் அதை வெளிச் சாய்ப்பில் வைக்கிறோம். ரம்பத்திலிருந்து முப்பதடி. ஒரே ஒரு பலகையைக் குறுக்கே அறுக்க யாரும் முப்பதடி போய் வர மாட்டார்கள். போடாமலே அறுப்பார்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே சேர்த்துவிட்டது. தேக்கும் ஈட்டியும் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொடுக்கும். ஆகவே கலெக்டரைச் சுலபமாக ஆன் செய்ய முடிவது ஆடம்பரம் அல்ல, அது ஓடுமா ஓடாதா என்பதே அதில்தான் இருக்கிறது. ஆனால் சுலபமாக ஆன் ஆவது ஒரு சமாச்சாரம், நிச்சயமாக ஆஃப் ஆவது வேறு சமாச்சாரம். நான் இரண்டையும் ஒன்று என்று நினைத்ததுதான் தப்பு.

ரிமோட் போர்டில் நேராக மோட்டார்

2 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 9, 10 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல ஐந்து, ஆறு மடங்கு. போர்டின் மேல் 30 ஆம்பியர் என்று பெரிதாக அச்சடித்திருந்தாலும் அந்தக் கணக்கு ஹீட்டர் மாதிரியான லோடுக்கு. மோட்டாருக்கு அல்ல. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் உள்ளே ஸ்விட்ச் வேலை செய்யும் சின்ன ரிலேயின் முனைகளில் பொறி தெறிக்கும். ஒரு நாள் இரண்டு முனையும் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ரிமோட்டில் ஆஃப் அமுக்கினாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். என் போர்டைக் கழற்றிப் பார்த்தபோது முனைகள் கறுத்து, ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாக இருந்தன. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் அந்தப் பாடத்தையும் படித்திருப்பேன்.

வைஃபை ஸ்மார்ட் பிளக்கும் இதே ஜாதிதான். 16 ஆம்பியர் பிளக்கில் 2 ஹெச்.பி. மோட்டாரை மாட்டக் கூடாது. அது போக ரௌட்டர் தூங்கினால் இதுவும் தூங்கும். குரல் சொல்லி ஆன் செய்யலாம் என்றார் ஒரு தம்பி. பிளேனர் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவனுக்கே நம் குரல் கேட்காது. வீட்டில் ஒரு சின்ன வேக்குவத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். பட்டறைக்கு இந்த இரண்டையும் நான் விட்டுவிட்டேன்.

ஸ்டார்ட்டர், அதன் மேல் ரிமோட்

பச்சை பட்டன், சிவப்பு பட்டன் வைத்த சாதாரண டிஓஎல் ஸ்டார்ட்டர். கிணற்று மோட்டாரில் எல்லோரும் பார்த்ததுதான். உள்ளே ஒரு கான்டாக்டர், அதாவது காயில் என்கிற கம்பிச்சுருள் காந்தமாகி இழுத்து மூடும் பெரிய ஸ்விட்ச். அதன் அடியில், மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் எடுத்தால் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலே. பச்சையை அமுக்கினால் காயிலுக்குக் கரண்ட் போகும், கான்டாக்டர் இழுக்கும். இழுத்ததும் அதன் ஓரத்தில் இருக்கும் துணை முனை மூடிக்கொண்டு, நாம் விரலை எடுத்த பிறகும் காயிலைப் பிடித்து வைத்திருக்கும். அதாவது கான்டாக்டர் தன்னைத்தானே பிடித்துக்கொண்டிருக்கிறது. கரண்ட் போனால் பிடி விடும். திரும்பி வந்தால் தானாகப் பிடிக்காது, யாராவது பச்சையை அமுக்க வேண்டும். இந்த ஒரே குணத்துக்காக மட்டும் இதை வாங்கலாம். அக்கா மகன் கையை விட்டபோது என்னிடம் இல்லாமல் போனது இதுதான்.

ரிமோட்டை இதன் மேல் ஏற்றும்போது பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள். ரிமோட் ரிலேயை நேராகக் காயிலுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கான்டாக்டர் பெரிதாக இருப்பதால் முனை ஒட்டாது, சரி. ஆனால் ரிமோட் போர்டுக்கு ஞாபக சக்தி இருந்தால் கரண்ட் வந்ததும் மறுபடி தானாக ஓடும். ஸ்டார்ட்டர் வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

சரியான வழி இப்படி. இரண்டு பட்டன், இரண்டு ரிலே உள்ள 433 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் வாங்குங்கள். அதை அமுக்கும்வரை மட்டும் வேலை செய்கிற நிலையில் வையுங்கள். பெரும்பாலான போர்டுகளில் அதற்கு ஒரு ஜம்பரோ, பட்டனோ இருக்கும். முதல் ரிலேயின் என்ஓ முனையை, அதாவது சும்மா இருக்கும்போது விலகியிருப்பதை, பச்சை பட்டனுக்கு இணையாகக் கொடுங்கள். இரண்டாவது ரிலேயின் என்சி முனையை, அதாவது சும்மா இருக்கும்போது இணைந்திருப்பதை, சிவப்பு பட்டனோடு வரிசையில் கோர்த்துவிடுங்கள். இப்போது ரிமோட் என்பது தூரத்தில் இருக்கும் இன்னொரு பச்சையும் சிவப்பும், அவ்வளவுதான். ஆன் நிலையைப் பிடித்து வைப்பது கான்டாக்டர், ரிமோட் அல்ல. ஒரே பட்டனை அமுக்க அமுக்க ஆன், ஆஃப் என்று மாறுகிற நிலை வேண்டவே வேண்டாம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு இரண்டு மிஷின் சத்தத்துக்கு நடுவில் நிற்பவருக்குக் கலெக்டர் ஓடுகிறதா நின்றிருக்கிறதா என்றே தெரியாது, நிறுத்த நினைத்து ஓட்டிவிடுவார்.

இதில் எனக்கு இரண்டு தொல்லை வந்தது. ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டிக்குள்ளேயே ரிசீவரை வைத்தேன். பத்தடிக்கு மேல் ரிமோட் பேசவில்லை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் தனியாக வைத்ததும் சரியாயிற்று. அப்புறம், கான்டாக்டர் விடும்போதெல்லாம் ரிசீவர் குழம்பி நின்றுவிடும். காயில் விடும்போது கிளம்பும் வோல்டேஜ் குத்துதான் காரணம் என்று புனலூரிலிருந்து வரும் எலக்ட்ரீஷியன் சேட்டன் சொன்னார். காயிலின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு சர்ஜ் சப்ரஸர் மாட்டினார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இன்னொரு விஷயம், சிங்கிள் பேஸ் வைத்திருப்பவர்களுக்கு. கடையில் கிடைக்கும் ஓவர்லோடு ரிலே பெரும்பாலும் மூன்று முனை உள்ளது. பேஸை ஒன்றில், நியூட்ரலை இன்னொன்றில் கொடுத்துவிட்டு மூன்றாவதைச் சும்மா விட்டால், ஒரு பேஸ் போய்விட்டது என்று நினைத்து அது காரணமில்லாமல் விழும். மூன்று வழியாகவும் கரண்ட் போகும்படி வயரைச் சுற்றி எடுக்க வேண்டும். ஆம்பியர் திருகை மோட்டாரின் தகட்டில் எழுதியிருக்கும் அளவுக்கு வையுங்கள், "கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்று ஏற்றாதீர்கள். 16 ஆம்பியர் எம்சிபி இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். எம்சிபி காப்பது வயரை. 10 ஆம்பியர் மோட்டார் 14 ஆம்பியரில் வெந்துகொண்டிருந்தாலும் அது அசையாது.

ரம்பம் ஓடினால் கலெக்டரும் ஓடும்

செங்கோட்டையில் ஒரு பட்டறையில் இதைப் பார்த்து ஆசைப்பட்டுப் போட்டேன். ரம்பத்துக்குப் போகும் வயரைச் சுற்றி ஒரு கரண்ட் சென்ஸர். ரம்பம் கரண்ட் எடுத்ததும் கலெக்டர் ஒன்றிரண்டு வினாடி கழித்துக் கிளம்பும், ரம்பம் நின்ற பிறகு பத்து வினாடி ஓடிக் குழாயில் இருக்கும் தூளை இழுத்துவிட்டு நிற்கும். வேலையாள் எதையும் ஞாபகம் வைக்க வேண்டாம். ரிமோட்டைத் தேட வேண்டாம். என் பட்டறையில் ரிமோட் காணாமல் போகாத வாரம் கிடையாது, ஒரு தடவை சீவல் மூட்டைக்குள் போய் செங்கல் சூளைவரை போய்விட்டு வந்தது.

சென்ஸர் வளையத்துக்குள் பேஸ் வயர் மட்டும்தான் போக வேண்டும். பேஸும் நியூட்ரலும் சேர்ந்த முழு கேபிளை நுழைத்தால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும், சென்ஸருக்கு ஒன்றுமே தெரியாது. நான் அரை நாள் இதில் போராடினேன். சேட்டன் வந்து பார்த்துச் சிரித்தார்.

ரம்பத்தையும் கலெக்டரையும் ஒரே சாக்கெட்டில் மாட்டுகிற ரெடிமேட் ஆட்டோ சாக்கெட்டுகள் வருகின்றன. சின்ன வேக்குவத்துக்கும் மரத்தில் பள்ளம் செதுக்கும் கை ரௌட்டர் மிஷினுக்கும் அவை அருமை. 2 ஹெச்.பி. ரம்பமும் 2 ஹெச்.பி. கலெக்டரும் ஒரே 16 ஆம்பியர் லைனில் என்றால் கணக்கு உதைக்கும். கலெக்டருக்குத் தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், மோட்டார் கிளம்பும் கணத்துக் கரண்டைத் தாங்கும் சி ரக எம்சிபி.

இதன் பலவீனம் இரண்டு. ஒன்று, எங்கள் வேலை நாள் முழுக்க ஒரே அறுப்பு இல்லை. அறு, அளந்து பார், மறுபடி அறு. ஒவ்வொரு அறுப்புக்கும் கலெக்டர் கிளம்பி நின்றால் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் சீக்கிரம் போய்விடும். அந்த வகைக் கெப்பாசிட்டர்கள் மணிக்கு இருபது தடவை அளவுக்குத்தான் செய்யப்படுகின்றன. அதனால் நிற்கும் நேரத்தைப் பத்து வினாடியில் வைக்காமல் மூன்று நிமிடம் ஆக்கினேன். இரண்டாவது, ரம்பத்தின் ஸ்விட்ச் சாதாரணத் தட்டு ஸ்விட்சாக இருந்தால் கரண்ட் வந்ததும் ரம்பமும் ஓடும், அது ஓடுவதால் கலெக்டரும் ஓடும். முதலில் ரம்பத்துக்கும் ஸ்டார்ட்டர் மாதிரி கரண்ட் போனால் பிடி விடும் ஸ்விட்ச் போட வேண்டும். கலெக்டரைப் பற்றி யோசிக்கப் போய் ரம்பத்தில் வந்து நின்றேன், நல்லதுதான்.

ஒவ்வொரு மிஷினின் தூள் குழாயையும் மூடித் திறக்க ஒரு கேட் இருக்கும்; அதைத் திறந்தால் கலெக்டர் ஓடும்படி ஒவ்வொரு கேட்டிலும் மைக்ரோ ஸ்விட்ச் வைப்பது இன்னொரு முறை. காகிதத்தில் அழகாக இருக்கும். எங்கள் ஈரத்துக்கும் தூளுக்கும் மூடாத ஸ்விட்சுகள் ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை. அப்படிச் செய்வதானால் பட்டறை முழுக்க ஓடும் அந்தச் சின்ன வயர்களில் 230 வோல்ட் விடாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 24 வோல்ட் விடுங்கள். எலி கடித்தாலும் ஆள் பிழைப்பான்.

நிறுத்துவது

எதை வைத்து ஆன் செய்தாலும் கீழே சொல்லும் காளான் பட்டனும் தெர்மோஸ்டாட்டும் கம்பி வழியாகக் காயில் லைனில் வரிசையாக இருக்க வேண்டும். ரிமோட்டின் சிவப்பு பட்டன் அவசர நிறுத்தம் ஆகாது. பேட்டரி இறங்கும், பையில் கிடக்கும், பக்கத்து வீட்டு ஜன்னலில் இருக்கும்.

சிவப்புக் காளான் பட்டன், அடித்தால் உள்ளேயே நிற்பது, திருகினால்தான் வெளியே வருவது. ரம்பத்தின் பக்கம் ஒன்று, சாய்ப்பில் கலெக்டர் பக்கம் ஒன்று. இரண்டும் என்சி. என்சி எதற்கு என்றால், வயர் அறுந்தாலும் மிஷின் நிற்கும். என்ஓ வைத்தால் வயர் அறுந்தது நமக்குத் தெரியாது, அடிக்கும் நாளில்தான் தெரியும். திருகி விட்டவுடன் மிஷின் ஓடக் கூடாது, பச்சையை மறுபடி அமுக்க வேண்டும். மேலே சொன்ன ஸ்டார்ட்டர் முறையில் இது தானாகவே அமையும். சென்ஸர் முறையில் அமையாது, அதற்கென்று ஒரு ரிலே சேர்க்க வேண்டும்.

ஓவர்லோடு ரிலே அடைப்பைக் கண்டுபிடிக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். நேர்மாறு. விசிறி காற்றைத் தள்ளுகிற அளவுக்குத்தான் கரண்ட் எடுக்கும். பை அடைத்துக்கொண்டால் காற்று குறையும், ஆம்பியரும் குறையும். குழாயைக் கழற்றி வாயைத் திறந்து ஓட விட்டால்தான் ஏறும். பை அடைத்ததை அறிய, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ஒரு ஒளிபுகும் டியூபைச் செருகி, நடுவில் யூ மாதிரி வளைத்துச் சாயத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். பை சுத்தமாக இருந்த நாளில் ஒரு கோடு போட்டேன். தண்ணீர் அந்தக் கோட்டிலிருந்து ஏறினால் பையை உதற வேண்டும். விற்கிற பிரஷர் ஸ்விட்சுகள் நல்லவைதான், எனக்கு இது போதும்.

தீ விஷயத்தில் எங்கள் பகுதிக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. மலையாளக் கரையில் பழைய தறவாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வரும் தேக்கு, அயினி, பலாக் கதவுகள் எங்கள் பட்டறைகளுக்கு வருகின்றன. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர், மர வியாபாரத்துக்கு அந்த எல்லைக்கோடு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அந்தக் கதவுகளில் நூறு வருடத்து ஆணிகள். ரம்பம் ஆணியில் பட்டால் பொறி, பொறி நேராகப் பைக்குள். அங்கே காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் உலைத் துருத்திதான். அதனால் பையை ஒட்டிய தகட்டில் சூடேறினால் திறந்துகொள்ளும் தெர்மோஸ்டாட் ஒன்றை, 70 டிகிரி, என்சி, அதே வரிசையில் கோர்த்திருக்கிறேன். விலை மிகக் குறைவு. கனன்றுகொண்டிருக்கும் பொறியை எல்லா நேரமும் இது பிடிக்காது, அதனால் ஆணி மரம் அறுத்த நாளில் பையைப் பட்டறைக்கு வெளியே, வெட்டவெளியில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். புகை வந்தால் பையைப் பிரித்து உதறக் கூடாது. தூள் காற்றில் பறந்தால் வெடிக்கும். தண்ணீரைத் தூறலாகத் தெளிக்க வேண்டும், பீய்ச்சி அடிக்கக் கூடாது. கிரைண்டரை இந்தக் குழாயில் மாட்டுவது பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கடைசியாக ஐசொலேட்டர், அதாவது லைனை முழுதாகத் துண்டிக்கும் கை ஸ்விட்ச். கலெக்டர் பக்கத்திலேயே, பூட்டுப் போடும் துளை உள்ளது. குழாயைக் கழற்றுகிறவர் அதை ஆஃப் செய்து பூட்டிச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ரிமோட் இன்னொருவர் கையில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஆஃப் செய்த பின்னும் விசிறி கொஞ்ச நேரம் சுற்றும், சத்தம் முழுதாக அடங்கட்டும்.

த்ரீ பேஸ் இணைப்பு உள்ளவர்களுக்கு வேலை பாதி சுலபம். அதே 2 ஹெச்.பி. மோட்டார் மூன்றரை ஆம்பியர் அளவுதான் எடுக்கும், கெப்பாசிட்டர் தொல்லை இல்லை, சின்னக் கான்டாக்டர் போதும். ஆனால் எங்கள் காற்றில் மூன்று பேஸில் ஒன்று மட்டும் போவது சகஜம். காயில் எந்த இரண்டு லைனில் இருக்கிறதோ அந்த இரண்டும் இருந்தால் கான்டாக்டர் விடாது, மோட்டார் மீதி இரண்டில் முனகிக்கொண்டே வேகும். ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

தென்மலை நண்பருக்கு நான் சொன்னது: தனி ஆள், மூன்று மிஷின் என்றால் ஸ்டார்ட்டரும் அதன் மேல் இரண்டு பட்டன் ரிமோட்டும். மூன்று நான்கு வேலையாட்கள் மாறி மாறி ரம்பத்தில் நிற்கிற பட்டறை என்றால், அந்த ஸ்டார்ட்டரின் மேலேயே சென்ஸர். பணம் குறைவு என்றால் ரிமோட்டையும் சென்ஸரையும் அடுத்த வருடம் வாங்கலாம், பச்சை பட்டனுக்கு இணையாக ரம்பத்தின் காலில் இன்னொரு பச்சை பட்டன் வயர் இழுத்தால் போதும். ஸ்டார்ட்டரையும் காளான் பட்டனையும் தள்ளிப் போடாதீர்கள். என் பட்டறையில் இப்போது இருப்பது சென்ஸர். ரிமோட்டைக் கழற்றிவிட்டேன், சூளைக்காரர் இன்னமும் அதைப் பற்றிக் கேட்கிறார்.

வயரிங் முடிந்ததும் எலக்ட்ரீஷியனுக்குக் காசு கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கலெக்டரை ஓட விட்டு மெயினை இறக்குங்கள். விசிறி நிற்கட்டும். ரம்பத்தின் ஸ்விட்ச், ரிமோட் எதையும் தொடாமல் மெயினை ஏற்றிவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். தானாகக் கிளம்பினால் அவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.